மூடி வைத்த தட்டு

மார்ச் 2

வீட்டின் மறுபாதிச் சொந்தக்காரருக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தைப் பற்றிப் புரோக்கர் சொன்னார். இருமல் இன்னும் போகவில்லையாம், மருந்தும் வாங்கவில்லையாம். அது உங்கள் இருமல், உங்கள் பாடு. நான் எழுதுவது வீட்டைப் பற்றி.

போனில் பேசுவதில்லை, எதுவானாலும் கடிதம்தான் என்று பிரியும்போது முடிவு செய்தோமே, அது நல்லதாகப் போயிற்று. போன் என்றால் இதற்குள் நீங்கள் ஒரு வார்த்தை, நான் ஒன்பது வார்த்தை என்று ஆகியிருக்கும். எழுதித் திட்டினால் கை வலிக்கிறது. அதனால் குறைவாகத் திட்டுகிறேன்.

புரோக்கர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், ஹால் பாக்கறாங்க, பரவாயில்லங்கறாங்க. ரூம் பாக்கறாங்க, சரிங்கறாங்க. சாப்பிடற இடத்துக்கு வந்ததும் எல்லார் மூஞ்சியும் தொங்கிப் போயிடுது." விற்பனைக்கு வரும் வீடுகளை வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஊரார் வீட்டையெல்லாம் விற்றுக் கொடுக்கிறவள் தன் வீட்டுக்கு மட்டும் கடிதத்தில் யோசனை சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். என்ன செய்வது, அந்த வாசற்படி ஏற இன்னும் மனசு வரவில்லை.

முதலில் மேஜை மேலிருக்கும் அந்தப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்து எறியுங்கள். ஸ்பேனர், ஒயர், மாத்திரை அட்டை, கரண்ட் பில் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. ஆறு நாற்காலியில் இரண்டைப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டால் இடம் பெரிதாகத் தெரியும். மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கில் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போடுங்கள். நான்கு தட்டு, நான்கு கண்ணாடி டம்ளர், நடுவில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். மேஜையின் நீளத்துக்கு நடுவே ஓடுகிற மாதிரி ஒரு துணி, கடுகு மஞ்சள் நிறத்தில். ஆட்கள் வரும் நாளில் சமைக்காதீர்கள், வாசனை கூடாது. கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் சிரித்துக்கொண்டே வந்து உட்காரப் போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும். அவ்வளவுதான் என் தொழில்.

இப்படிக்கு,
வீட்டின் பாதிச் சொந்தக்காரி


மார்ச் 7

அன்புள்ள குண்டூசிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. 'மறுபாதிச் சொந்தக்காரிக்கு' என்று நானும் ஆரம்பித்துப் பார்த்தேன். ஏதோ பேங்குக்கு மனு எழுதுகிற மாதிரி இருந்தது. திரைச்சீலைக்குக் குத்த வேண்டிய குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டே என்னைத் திட்டியவளை நான் வேறு எப்படிக் கூப்பிடுவேன்?

இருமலுக்கு மருந்து வாங்கிவிட்டேன். சரி, வாங்கவில்லை, வாங்குகிறேன்.

நீ சொன்ன வேலைகளை ஆரம்பித்தாயிற்று. ஸ்பேனர்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. இப்போது எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. மேஜை மேலேயே இருந்தபோது எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்தது என்று நான் சொன்னால் நீ அடிக்க வருவாய். மஞ்சள் பல்பு போட்டேன். அந்த வெளிச்சத்தில் நான்கூட நன்றாக இருக்கிறேன்.

நாற்காலி இரண்டைத் தூக்கிப் பின்னறையில் வைத்தேன். வாங்கிய அன்றைக்குக் கடைக்காரர், "ரெண்டு பேருக்கு எதுக்குங்க ஆறு நாற்காலி?" என்று கேட்டதும் நீ, "வருவாங்க, மெதுவா வருவாங்க" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. யாரும் வரவில்லை. அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதும் இல்லை.

பிளாஸ்டிக் விரிப்பை உரித்தபோது ஒன்று பார்த்தேன். நீ உட்காரும் பக்கத்தில் பூவெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. முழங்கை ஊன்றி ஊன்றி அப்படி ஆகியிருக்கிறது. என் பக்கத்தில் பூ அப்படியே, கடையில் வாங்கிய மாதிரி இருக்கிறது. கிழிக்கக் கை வரவில்லை. சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். கடுகு மஞ்சள் என்கிறாயே, கடுகு கறுப்பாகத்தானே இருக்கிறது? சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மீதிப் பாதி


மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

கடுகு டப்பாவைத் திறந்து பார்த்தீர்கள் என்றதும் சிரித்துவிட்டேன். நான் வேலை செய்துகொண்டிருந்த வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்ததால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

கடுகு மஞ்சள் என்பது கடுகை அரைத்தால் வரும் நிறம். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வாங்கி இரண்டு நாள் ஆன வாழைப்பழத்தின் தோல். பளபளவென்ற மஞ்சளை வாங்கி வந்து நிற்காதீர்கள்.

ஆறு நாற்காலி என்று கணக்குச் சொல்கிறீர்கள். நாம் உபயோகித்தது ஒன்றரை. நான் ஒன்று, நீங்கள் அரை. அந்த அரையிலும் பாதி நேரம் போன் வந்துவிடும். "உள்ள ஆளு மாட்டியிருக்காங்க, நான் போகணும்" என்று கை கழுவாமல் எழுந்து ஓடுவீர்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மேல் யாராவது கோபப்பட முடியுமா? நானும் படவில்லை. அந்தக் கோபமெல்லாம் உள்ளேயே கிடந்து ஊறிப் போயிற்று.

விரிப்பை எறியச் சொன்னேன். எறியுங்கள்.

சனிக்கிழமை ஒரு குடும்பம் பார்க்க வருகிறது. துணியை மறக்காதீர்கள்.

பாதிச் சொந்தக்காரி


மார்ச் 16

அன்புள்ள குண்டூசிக்கு,

வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். புரோக்கர் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். துணி மட்டும் வாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்குக் கிளம்பிய நேரம் பார்த்து ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். கதவைத் திறந்து வெளியே விட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குள் கடையை மூடிவிட்டார்கள்.

தட்டுகளை நான் வியாழக்கிழமையே எடுத்து வைத்துவிட்டேன். கடைசி நேரத்தில் அவசரப்பட வேண்டாமே என்று. தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள், வீடெல்லாம் தூசி. அதனால் ஒவ்வொரு தட்டின் மேலும் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினேன். எனக்கு நீ மூடி வைப்பாயே, அதே மாதிரி. மேஜை கலையக் கூடாது என்று நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அந்தக் குடும்பத்து அம்மா உள்ளே வந்ததும் விளக்கைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை. தன் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார், "இங்க யாரோ யாருக்காகவோ எடுத்து வெச்சிட்டு உக்காந்திருக்காங்க போல. எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. வாங்க போலாம்."

அவர்கள் போனதும் புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் சார், நாலு தட்டையும் மூடி வெச்சா பேய் பங்களா மாதிரி இருக்காதா?" என்றார். தூசிக்குத்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அவர் போன பிறகு நான்கு மூடியையும் எடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். குண்டூசி, நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். இந்த வீட்டை விற்க வேண்டாம். நீ வந்துவிடு. சரி என்று ஒரு வார்த்தை எழுது, புரோக்கரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறேன். நீ இல்லாத வீட்டில் பாதி எனக்கு எதற்கு?

மீதிப் பாதி


மார்ச் 21

லிஃப்ட்காரருக்கு,

தட்டை மூடச் சொன்னது யார்?

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். ஆட்கள் உட்காரப் போகிற மேஜை வேறு, காத்துக்கொண்டிருக்கிற மேஜை வேறு. இரண்டிலும் அதே தட்டு, அதே டம்ளர்தான் இருக்கும். ஆனால் வாங்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். மூடி வைத்த தட்டைப் பார்த்தால் யாரும் அந்த வீட்டில் நிற்க மாட்டார்கள். நான் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அன்று மாலை வீட்டுக்கு வந்து உங்கள் தட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு உள்ளே வந்ததும் தெரிகிறது. தெருவில் தூசி என்கிறீர்கள் நீங்கள்.

நீங்கள் கேட்டதைக் கடிதத்தில் கேட்காதீர்கள். எழுத்தில் 'சரி' என்று போடுவது எளிது, 'முடியாது' என்று போடுவதும் எளிது. ஏப்ரல் நான்காம் தேதி, சனிக்கிழமை, இன்னொரு குடும்பம் வருகிறது. அதற்கு முந்தின வியாழக்கிழமை நானே வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. சாப்பிடும் இடத்தை நானே சரி செய்கிறேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வர வேண்டிய நேரத்துக்கு வாருங்கள். நீங்கள் வருகிற நேரத்தைச் சொல்லவில்லை, வர வேண்டிய நேரத்தைச் சொல்கிறேன். வந்தால் நேரில் பேசலாம். அந்த வாசற்படி ஏற எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

மருந்து வாங்குங்கள்.

பாதிச் சொந்தக்காரி


மார்ச் 25

என் குண்டூசிக்கு,

வருவேன், வருவேன், வருவேன். கட்டடமே இடிந்து விழுந்தாலும் வருவேன்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் போனை இன்னொரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட ஏற்பாடு செய்துவிட்டேன். "என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மருந்து வாங்கிவிட்டேன். இந்த முறை நிஜமாக. கசக்கிறது.

வீட்டைப் பெருக்கித் துடைத்தாயிற்று. உன் நாற்காலியின் ஆடும் காலுக்கு அடியில் நீ அட்டை மடித்து வைத்திருந்தாயே, அதை எடுத்துவிட்டு ஆணி அடித்துச் சரி செய்தேன். எத்தனையோ தடவை சொல்லியும் செய்யாத வேலை. இப்போது உட்கார்ந்து பார், அசையாது.

மீதிப் பாதி


ஏப்ரல் 2, வியாழக்கிழமை

குண்டூசி,

வந்தாயா? வந்துவிட்டுப் போய்விட்டாயா?

தெருமுனையில் திரும்பும்போதே சாப்பிடும் இடத்து ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. இந்த வயதில் தெருவில் ஓடினேன். கதவைத் திறந்து "வந்துட்டேன்!" என்று கத்தினேன். சத்தம் வீட்டைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது.

மேஜையைப் பார்த்தேன். அதே தட்டு, அதே டம்ளர், அதே எலுமிச்சம்பழம்தான். ஆனால் நீ வைத்தால் எப்படி வேறாகிவிடுகிறது! ஒரு நாற்காலி கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இப்போதுதான் யாரோ எழுந்து தண்ணீர் எடுக்கப் போன மாதிரி. அடுத்த அறையில் குழந்தைகள் இருக்கிற மாதிரிகூடத் தோன்றியது. நம் வீடுதானா என்று ஒரு நிமிடம் நின்றேன். நீ உட்கார்ந்த அடையாளம் ஏதாவது இருக்குமா என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் ஈரம் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, ஏதோ தாளித்த வாசனை லேசாக. பக்கத்து வீட்டில் சமைத்திருப்பார்கள்.

ஏன் நேரமாகிவிட்டது என்று சொல்கிறேன், கேள். லிஃப்ட் இல்லை, சத்தியமாக லிஃப்ட் இல்லை. நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். நீ அந்தத் துணியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருப்பாய், வெறுங்கையோடு உன் முன்னால் எப்படி நிற்பது என்று கடைக்குப் போனேன். நிறம் தப்பாகிவிடக் கூடாதே. இரண்டு நாளுக்கு முன்பு வாங்கிய வாழைப்பழத்தின் தோலைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். முதல் கடையில், "சார், இது துணிக்கடை" என்றார்கள். இரண்டாவது கடையில் எல்லாம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது கடையில் ஒரு பெண் தோலை வாங்கித் துணி துணியாக வைத்துப் பார்த்து, சரியாக அதே நிறத்தை எடுத்துக் கொடுத்தாள். உனக்குப் பிடிக்கும். பரிசு மாதிரி கட்டித் தரச் சொன்னேன். அதில்தான் நேரம் போய்விட்டது.

துணியை விரித்துவிட்டேன். அழகாக இருக்கிறது. நீ கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம்தான். சனிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று புரோக்கரிடம் சொல்லட்டுமா? எழுது. உடனே எழுது.

உன்
லிஃப்ட்காரன்


ஏப்ரல் 6

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

வாழைப்பழத் தோல் என்று படித்ததும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வெகுநேரம் அழுதேன். இந்த உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்காகவும் ஒரு ஆண் பையில் பழத்தோலோடு கடை கடையாக ஏறியிருக்க மாட்டான்.

தாளித்த வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. நான்தான் சமைத்தேன். வீட்டைச் சரி செய்ய வருகிறேன் என்று எழுதினேனே தவிர, பையில் கொண்டு வந்தது காய்கறி. நீங்கள் நேரத்துக்கு வந்தால் சேர்ந்து சாப்பிடுவது, சாப்பிட்டு முடித்ததும் புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினேன். இரண்டு தட்டு வைத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆடவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நேரம் ஆயிற்று. இப்போது வந்துவிடுவார் என்று நினைத்தேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. என் கை தானாகப் போய் இன்னொரு தட்டை எடுத்து உங்கள் தட்டை மூடியது. மூடிய பிறகுதான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பெண் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏன் ஓடினாள் என்று புரிந்தது.

சாப்பாட்டைப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டேன். தட்டுகளைக் கழுவினேன். வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். பிறகு என் தொழிலைச் செய்தேன், நான்கு பேருக்கு.

நீங்கள் எனக்காகத்தான் தாமதமானீர்கள். அது எனக்குத் தெரியும். எப்போதுமே எனக்காகத்தான். இந்த வீடு எனக்காக, அதற்குக் கடன் எனக்காக, கடனுக்கு இரவு வேலை எனக்காக. அத்தனையும் எனக்காக என்று ஆன பிறகு எதிரே உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. துணி வேண்டாம் என்று ஒரு நாள் நினைத்திருக்கக் கூடாதா? வெறுங்கையோடு வந்திருக்கக் கூடாதா? எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போடவாவது அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அது தீர்ந்துபோய்விட்டது. இனிமேல் என்னால் யாருக்காகவும் ஒரு தட்டை மூடி வைக்க முடியாது.

சனிக்கிழமை வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டதாம். புரோக்கர் போன் செய்தார். "மேடம், அந்தம்மா சாப்பிடற இடத்தை விட்டு நகரவே இல்ல" என்றார். துணியைத் தடவித் தடவிப் பார்த்தாராம். விற்கச் சொல்லிவிட்டேன். நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உங்கள்
குண்டூசி


மே 9

அன்புள்ள குண்டூசிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாவியும் கொடுத்தாயிற்று. உன் பங்கு உனக்கு வந்திருக்கும்.

வாங்கியவர்களுக்கு மூன்று பிள்ளைகள். அந்த அம்மா, "மேஜையையும் குடுத்துடுங்கண்ணே, அப்படியே இருக்கட்டும்" என்றார். கொடுத்துவிட்டேன். நாற்காலிகளும் துணியும் அவர்களுக்கே. பின்னறையிலிருந்த இரண்டையும் எடுத்து வந்து போட்டேன். ஆறுமே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது, பாட்டியும் கூட இருக்கிறாராம்.

கடைசி நாள் மாலை வேலையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தேன். வர வேண்டிய நேரத்துக்கு வந்தேன். எனக்குத் தெரிந்தது முட்டை பொரிப்பதுதான், அதைச் செய்தேன். இரண்டு தட்டு வைத்தேன். என் நாற்காலியில் உட்காராமல் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் கதவு நேராகத் தெரிகிறது. இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது.

நீ வர மாட்டாய் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். ஆனாலும் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டபோது எழுந்துவிட்டேன். முட்டை ஆறிப்போயிற்று. உன் தட்டை மூடி வைத்தேன். அதற்குப் பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கை வலித்தது.

பிறகு இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். வாசனை கூடாது என்பாயே என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

இருமல் நின்றுவிட்டது. நான் இப்போது பணிமனைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். பீரோவுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் எடுத்து வந்தேன். விரிப்பதற்கு இங்கே மேஜை இல்லை. சுருட்டியபடி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். உனக்குக் கை வலிக்கும்.

உன்
லிஃப்ட்காரன்